காயில் அடுப்பு: ஒரு பிளாக், ஒரு சுவிட்ச், கொஞ்சம் தணல்

சனிக்கிழமை காலை. தோசைக்கல்லை மின் அடுப்பின் பெரிய காயில்மேல், அதாவது சூடேறும் சுருள்மேல், வைத்து எட்டு நிமிடம் ஆகியிருக்கும். அடுப்புக்குள்ளிருந்து ‘சட்’ என்று ஒரு சத்தம். கல்லின் ஓரத்துக்குக் கீழே நீலமாக ஒரு பொறி தெறித்தது. உடனே நாபைத் திருகி அணைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் போட்டுப் பார்த்தால் காயில் சூடேறவே இல்லை. மரக்கரண்டியால் காயிலை லேசாகத் தள்ளினேன், சிவக்க ஆரம்பித்தது. கரண்டியை எடுத்ததும் மறுபடி ‘சட்’. அன்று தோசையைப் பின்பக்க அடுப்பில் சுட்டு முடித்தோம். கரண்டியால் தள்ளிப் பார்த்ததை நான் செய்திருக்கக் கூடாது. ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

நாங்கள் இருப்பது ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரில். 1998இல் கட்டிய வீடு, வாங்கி மூன்று வருடம் ஆகிறது. முன்பிருந்தவர்கள் விட்டுச்சென்ற அடுப்புதான் இன்னும் ஓடுகிறது: மேலே நான்கு காயில், அடியில் ஓவன். காயிலில் இரண்டு எட்டு அங்குலம், இரண்டு ஆறு அங்குலம். இங்கே பழைய வாடகை வீடுகள் பலவற்றிலும் இதே மாதிரிதான் இருக்கும். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் காஸ் அடுப்பில் பழகிய கையோடு இதன்முன் நிற்கிறார்கள். பால் பொங்குகிறது, கடுகு கருகுகிறது, சாதம் அடிப்பிடிக்கிறது. நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். இந்த ரிப்பேருக்காகவும் பின்னால் வந்த இன்னொன்றுக்காகவும் உள்ளே திறந்து பார்த்த பிறகுதான் சமைக்கவும் தெரிந்தது. அதனால் ரிப்பேர், சமையல் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

காயிலைப் பார்த்தால் கனமான இரும்புக் கம்பியைச் சுருட்டி வைத்ததுபோல் இருக்கும். உண்மையில் அது ஒரு குழாய். அதன் நடுவே மெல்லிய நைக்ரோம் கம்பி சுருள் சுருளாகப் போகிறது. கம்பிக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையில் மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். அந்தத் தூள் மின்சாரத்தை விடாது, சூட்டை மட்டும் நன்றாகக் கடத்தும். பாத்திரத்தை நேராக அதன்மேல் வைத்தாலும் ஷாக் அடிக்காமல் இருப்பது இதனால்தான். நைக்ரோம் என்பது நிக்கலும் குரோமியமும் ஏறக்குறைய எண்பதுக்கு இருபது என்ற அளவில் கலந்த கலவை. ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். செக்கச் செவேல் என்று காய்ந்தாலும் சீக்கிரம் துருவேறி உதிராத கம்பி கிடைத்த பிறகுதான் டோஸ்டரும் மின் அடுப்பும் வீட்டுப் பொருள்களாயின.

ஊரில் மாணவர் அறைகளில் ஒரு கரண்ட் அடுப்பு இருக்கும். மண் தட்டில் வெட்டிய பள்ளத்துக்குள் ஸ்பிரிங் போன்ற கம்பி திறந்தபடியே கிடக்கும். அதுவும் நைக்ரோம்தான், ஆனால் உறை கிடையாது. பால் பொங்கி விழுந்தால் கம்பி அறுந்துபோகும். அறுந்த இரண்டு முனைகளையும் முறுக்கிவிட்டு மறுபடி ஓட்டுவோம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. குழாய்க் காயில் உள்ளே அறுந்தால் ஒட்டுப்போட வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இனி மின்சாரம். அமெரிக்க வீட்டுக்குள் 120 வோல்ட் கொண்ட இரண்டு ஒயர்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் பூமிக்கும் இடையே 120, இரண்டுக்கும் இடையே 240. விளக்கு, மிக்ஸி எல்லாம் ஒரு ஒயரில் ஓடும். காயிலுக்கு இரண்டும் வேண்டும். எங்கள் அடுப்புக்கு 40 ஆம்பியர் இரட்டை பிரேக்கர் (ஆம்பியர் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) இருக்கிறது. இரண்டு ஒயரில் ஒன்று மட்டும் எங்காவது விட்டுப்போனால் அடுப்பின் கடிகாரம் ஓடக்கூடும், ஓவன் விளக்கு எரியக்கூடும், காயில் மட்டும் பச்சைத் தண்ணீர் மாதிரி கிடக்கும். நான்கு காயிலும் ஒரே நேரத்தில் செத்துவிட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் பிரேக்கர்.

பெரிய காயில் 2600 வாட், சின்னது 1500 வாட். 2600ஐ 240ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 10.8 ஆம்பியர். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும்.

இதற்கு முன் நாங்கள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தோம். அங்கேயும் 2600 வாட் என்று பொறித்த காயில்தான். மூடி போட்டு இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஒன்பது நிமிடம் பிடித்தது. இந்த வீட்டில் ஏழே நிமிடம். காயில் பழசாகிவிட்டது என்று அப்போது நினைத்திருந்தேன். பெரிய கட்டடங்கள் பலவற்றுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு வருகிறது, அதில் இரண்டு ஒயருக்கு இடையே 240 கிடைக்காது, 208தான் கிடைக்கும் என்று பின்னால் தெரிந்தது. வோல்ட் குறைந்தால் அதன் வர்க்கத்துக்கு ஏற்ப வாட் குறையும். 208ல் அந்த 2600 வாட் காயில் 1950 வாட்தான் தரும், கால் பங்கு போய்விடும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் அடுப்பு மந்தமாக இருக்கிறது என்று காயிலை மாற்றுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

சிம் என்ற ஒன்று இல்லை

காஸ் அடுப்பில் ‘சிம்மில் வை’ என்றால் தீ நிஜமாகவே சிறுத்துவிடும். காயில் அடுப்பின் நாபும் அதே மாதிரி ஒன்று முதல் பத்து வரை திரும்புவதால், இரண்டில் வைத்தால் கொஞ்சமாக மின்சாரம் போகிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். அப்படிப் போவதில்லை. எந்த எண்ணில் வைத்தாலும் காயிலுக்குப் போவது முழு 240 வோல்ட். அந்த முழு வேகத்தையே போட்டுப் போட்டு அணைக்கிறது நாபுக்குப் பின்னால் இருக்கும் சுவிட்ச்.

சுவிட்சுக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டையும் அதைச் சுடவைக்க ஒரு குட்டி ஹீட்டரும் இருக்கின்றன. காயிலுக்கு மின்சாரம் போகும்போது அந்த ஹீட்டரும் காயும். பட்டை வளையும், கான்டாக்ட் பிரியும். ஆறியதும் நிமிர்ந்து மறுபடி தொடும். நாபைத் திருப்பும்போது நாம் மாற்றுவது பட்டை எவ்வளவு வளைந்தால் பிரிய வேண்டும் என்பதை மட்டுமே. சமையலறை அமைதியாக இருக்கும்போது காதை அருகில் வைத்தால் ‘டிக்... டிக்...’ என்று கேட்கும். போன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். இரண்டாம் எண்ணில் ஏறக்குறைய மூன்று நொடி ஓட்டம், நாற்பது நொடி ஓய்வு. ஐந்தில் எட்டு நொடி ஓட்டம், பதினான்கு நொடி ஓய்வு. அடுப்புக்கு அடுப்பு இது மாறும். ஆனால் முறை இதுதான்.

இன்னொரு முக்கியமான விஷயம். இப்படி ‘டிக்’ என்று விடும்போது சுவிட்ச் பொதுவாக இரண்டு ஒயரில் ஒன்றைத்தான் துண்டிக்கிறது. நாபைத் திருகி முழுதாக அணைத்தால்தான் இரண்டும் போகும். ஆகவே காயில் கருப்பாக இருக்கிறது, சூடாகவில்லை என்பதால் அதில் மின்சாரம் இல்லை என்று ஆகிவிடாது. நாப் ‘ஆன்’ நிலையில் இருக்க, காயிலைக் கரண்டியால் குத்தியது அதனால்தான் தப்பு.

முதல் வேலை: பிளாக்

பொறி தெறித்த அடுப்புக்கு வருகிறேன். பிரேக்கரை அணைத்தேன். அதோடு விடாமல் அடுப்பை முன்னால் இழுத்து, சுவரிலிருந்த நான்கு முள் பிளக்கையும் பிடுங்கி வைத்தேன். பிரேக்கரில் தவறான பெயர் எழுதி ஒட்டியிருக்கலாம், பிளக் கையில் இருந்தால் சந்தேகமே இல்லை. இழுத்தால் அடுப்பு பின்னால் தரையில் ஒரு இரும்புக் கொக்கியிலிருந்து விடுபடும். ஓவன் கதவில் குழந்தை ஏறி நின்றால் அடுப்பு கவிழாமல் பிடித்துக்கொள்ள வைத்த கொக்கி அது. வேலை முடிந்து தள்ளும்போது பின்கால் அதில் மறுபடி மாட்டியதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

காயிலை முன்பக்கம் ஓர் அங்குலம் தூக்கி, நேராக இழுத்தால் கழன்று வந்துவிடும். அதன் இரண்டு முனைகளையும் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்று மங்கலான வெள்ளியாகச் சுத்தமாக இருந்தது. மற்றது கன்னங்கரேல். விரல் நகத்தால் தடவினால் எலி கடித்ததுபோல் குழி குழியாகத் தட்டுப்பட்டது. மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரண்டு முனைகளுக்கும் இடையே அளந்தேன், 22.4 காட்டியது. 2600 வாட் காயிலுக்கு 22 ஓம் சுற்றுவட்டாரத்தில் இருக்க வேண்டும், 1500 வாட்டுக்கு 38 ஓம். ஆகக் காயில் உள்ளே அறவில்லை. அடுத்து ஒரு முனைக்கும் வெளிக் குழாய்க்கும் இடையே அளந்தேன். அங்கே எதுவும் காட்டக் கூடாது, காட்டவும் இல்லை. மீட்டர் இல்லாதவர்கள் அதே அளவுள்ள வேறு அடுப்பில் இந்தக் காயிலைச் செருகிப் பார்க்கலாம். ஆனால் முனை இப்படிக் கருகியிருந்தால் அதையும் செய்ய வேண்டாம். கருகிய முனை நல்ல பிளாக்கையும் கெடுத்துவிடும்.

காயில் செருகும் இடத்தைத்தான் பிளாக் என்கிறேன், கட்டைவிரல் நீளத்தில் இரண்டு துளை உள்ள ஒரு கட்டை. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு துளைக்குள் இருந்த பித்தளை இதழ் விரிந்து, பழுப்பேறி, ஓரம் உருகியிருந்தது. காயிலைச் சுத்தம் செய்யக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி இதழின் இறுக்கம் போயிருக்கிறது. கனமான குக்கரை வைக்கும்போதெல்லாம் காயில் கொஞ்சம் ஆடும், இதழ் இன்னும் விரியும்.

லூஸ் கான்டாக்ட் ஏன் இப்படி உருக்குகிறது? 10.8 ஆம்பியரை வர்க்கமாக்கினால் 117. தொடுமிடத்தில் அரை ஓம் தடை கூடிவிட்டால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 58 வாட் சூடு. சால்டரிங் ஐயனுக்கு நிகரான சூடு அந்தப் பித்தளை இதழுக்குள் உட்கார்ந்திருக்கிறது. சூட்டில் உலோகம் கருகும், கருகினால் தடை இன்னும் கூடும், கூடினால் சூடு இன்னும் கூடும். இது தானாகச் சரியாகாது, ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மோசமாகும். பிரேக்கரும் கண்டுபிடிக்காது. மொத்த ஆம்பியர் ஏறாதபோது அது எதற்கு விழும்?

அடுப்பின் மேல்தட்டை முன்பக்கம் பிடித்துத் தூக்கினால் கார் பானெட் மாதிரி திறக்கும். உள்ளே ஒரு குச்சி இருக்கிறது, அதை முட்டுக்கொடுத்து நிறுத்தலாம். மூன்று வருடத்து உளுந்து, கடுகு, ஒரு முழு வெந்தயக் குவியல் உள்ளே கிடந்தன. முதலில் வாக்குவம் போட்டு எடுத்தேன். பிளாக்கை ஒரே ஒரு ஸ்க்ரூ பிடித்திருந்தது. அதிலிருந்து இரண்டு ஒயர் போகிறது. ஒன்றின் உறை பிளாக் அருகே பொரிந்து அப்பளம்போல் உடைந்தது.

கடையில் பிளாக், ஒயர் முனைகளைச் சேர்த்துத் திருகும் பீங்கான் தொப்பி இரண்டு, ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கிடைத்தது. புதுக் காயிலையும் வாங்கினேன். பழைய ஒயரைப் பிளாக்குக்கு அருகிலேயே வெட்டினேன். உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே இருந்த செம்பும் கருப்பு. இன்னும் ஓர் அங்குலம் வெட்டினேன், அப்போதும் கருப்பு. மூன்றாவது வெட்டில்தான் ரோஜா நிறத்தில் பளிச்சென்று செம்பு தெரிந்தது. இந்த இடத்தில் பொறுமை வேண்டும். கருத்த செம்பில் புதுப் பிளாக்கின் ஒயரை முறுக்கினால் லூஸ் கான்டாக்டை பிளாக்கிலிருந்து தொப்பிக்கு இடம் மாற்றியதுதான் மிச்சம். இரண்டு இழைகளையும் சேர்த்து முறுக்கி, பீங்கான் தொப்பியைத் திருகி, ஒயரைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்த்தேன். சாதாரண பிளாஸ்டிக் தொப்பியும் இன்சுலேஷன் டேப்பும் இங்கே கூடாது, மேல்தட்டுக்கு அடியில் அடிக்கும் சூட்டில் உருகிவிடும். ஒயர் ஓவனின் மேல்தகட்டைத் தொடாதபடி ஒதுக்கி வைத்து மேல்தட்டை மூடினேன்.

புதுக் காயிலை வெறுமனே நடு எண்ணில் ஐந்தாறு நிமிடம் ஓட்ட வேண்டும். மேலே தடவிய பூச்சு புகைந்து போகும். சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வேலையும் ஒன்றரை மணி நேரம், அதில் பாதி சுத்தம் செய்ததற்கு.

அம்மா கண்டுபிடித்தது

இது முடிந்து இரண்டு வாரத்தில் அம்மா ஊரிலிருந்து வந்தார். ஆறு மாதம் எங்களோடு இருந்தார். வந்த மூன்றாம் நாள் பால் பொங்கியது. சின்னக் காயிலில், இரண்டாம் எண்ணில் வைத்திருந்தோம். காயில் அடுப்பு என்றால் இப்படித்தான் என்று நான் காயிலுக்கு அடியிலிருக்கும் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் நின்று நான்கு அடுப்பையும் பார்த்தார்.

“அந்தப் பெரிய அடுப்பு சிவக்குது, கருக்குது, சிவக்குது, கருக்குது. இந்தச் சின்னது மட்டும் கருக்கவே மாட்டேங்குதே, பாத்தியாடா?”

உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாம் எண், ஐந்தாம் எண், எட்டாம் எண், எதில் வைத்தாலும் அந்தக் காயில் ஒரே சீராகச் சிவந்தே இருந்தது. ‘டிக்’ சத்தமும் இல்லை. மூன்று நொடி ஓடி நாற்பது நொடி ஓய வேண்டியது ஓயவே இல்லை. எத்தனை மாதமாக இப்படி ஓடியதோ தெரியவில்லை. அடுப்பின் குணம் என்று நினைத்துக்கொண்டு ஒரு பழுதோடு நாங்கள் சமைத்திருக்கிறோம்.

நாபை அணைத்தால் காயில் அணைந்தது. ஆனாலும் சந்தேகம். காயிலைக் கழற்றிவிட்டு, நாப் ‘ஆஃப்’ நிலையில் இருக்க, பிளாக்கின் துளைகளுக்கும் அடுப்பின் உடலுக்கும் இடையே வோல்ட் அளந்தேன். ஒன்றில் சுழி. மற்றதில் 120. அணைத்த அடுப்பில் 120 வோல்ட்! சுவிட்சுக்குள் ஒரு கான்டாக்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது, இன்னொன்று மட்டும் ஒழுங்காகப் பிரிகிறது. (மின்சாரம் இருக்கும்போது அளப்பது பழகியவர்களுக்கு மட்டும். பழக்கம் இல்லையென்றால் எந்த எண்ணிலும் சிவந்தே இருக்கிறது என்ற அடையாளம் ஒன்றே போதும். அந்தச் சுவிட்சை மாற்றும்வரை பிரேக்கரை அணைத்து வையுங்கள்.)

சுவிட்ச் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சின்னக் காயிலுக்கும் பெரிய காயிலுக்கும் வேறு வேறு சுவிட்ச். உள்ளே இருக்கும் குட்டி ஹீட்டர் வழியாகக் காயிலின் மின்சாரமே போகும் வகை என்பதால், ஆம்பியர் மாறினால் ஓட்டக் கணக்கும் மாறிவிடும். பழைய சுவிட்சின் மேலேயே எத்தனை ஆம்பியருக்கு என்று அச்சிட்டிருக்கும். 1500 வாட்டுக்கு 6.25 ஆம்பியர், அதை உள்ளடக்கிய சுவிட்சாகப் பார்த்து வாங்கினேன்.

மறுபடி பிரேக்கர், பிளக். பின்பலகையின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் சுவிட்சுகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் எல்1, எல்2, எச்1, எச்2, பி என்று ஐந்து முனை. எல் இரண்டும் வீட்டிலிருந்து வருவது, எச் இரண்டும் காயிலுக்குப் போவது, பி என்பது ‘அடுப்பு எரிகிறது’ என்று காட்டும் சிவப்பு விளக்குக்கு. போனில் படம் எடுத்துக்கொண்டேன். அப்புறம் புதுச் சுவிட்சைப் பழையதன் பக்கத்தில் பிடித்து, ஒரு நேரத்தில் ஒரு ஒயர் என்று பிடுங்கி அதே எழுத்துள்ள முனையில் செருகினேன். ஐந்தையும் ஒரேயடியாகப் பிடுங்கினால் படம் இருந்தும் குழம்பிவிடும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் முனைத் தகட்டை மூக்குப் பிளேயரால் பிடித்து ஆட்டி எடுக்க வேண்டும்.

பழைய சுவிட்சின் மூடியை நெம்பிப் பார்த்தேன். அரிசி அளவுகூட இல்லாத இரண்டு வெள்ளிப் பொட்டுகள் ஒன்றோடொன்று உருகி ஒரே மணியாக ஒட்டியிருந்தன. பட்டை வளைந்து பார்த்திருக்கிறது, பிய்க்க முடியவில்லை. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து அழுத்தியதும் ‘டிக்’ என்று பிரிந்தது. அந்தச் சத்தத்தைத்தான் இத்தனை மாதம் கேட்காமல் இருந்திருக்கிறோம். புதுச் சுவிட்ச் போட்டு இரண்டாம் எண்ணில் வைத்தோம். டிக், மூன்று நொடி, டிக். அம்மா முகத்தில் சிரிப்பு.

தணல்

சுவிட்ச் வேலை செய்யும் விதத்தை அம்மாவுக்குச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “அப்ப இது காஸ் அடுப்பு இல்லடா, விறகடுப்பு. தீயை இழுத்தாலும் தணல் கிடக்கும். பாத்திரத்தைத்தான் நகத்தணும்” என்றார். தென்காசிப் பக்கம் அவர் பிறந்த வீட்டில் மண்ணால் பூசிய அடுப்பு, பக்கத்திலேயே கொடியடுப்பு. விறகு வைப்பது ஒன்றில்தான், அதன் அனல் கொடியடுப்புக்கும் போகும். சோறு கொதித்ததும் பானையை அங்கே நகர்த்திவிட்டு இங்கே குழம்பைக் கூட்டுவார்கள்.

அன்றிலிருந்து சின்னக் காயில் எங்கள் வீட்டுக் கொடியடுப்பு. பருப்பையோ பாலையோ பெரிய காயிலில் வைக்கும்போதே சின்னதை இரண்டில் போட்டுவிடுவது. பால் ஏறத் தொடங்கியதும் நாபைத் தொடுவதில்லை, பாத்திரத்தைத் தூக்கிப் பக்கத்தில் வைக்கிறோம். குக்கர் முதல் விசில் வந்ததும் இடம் மாறும். சாதத்துக்குக் கடைசி நான்கு நிமிடம் அடுப்பே வேண்டாம், அணைத்த காயிலின் சூடே போதும். தாளிக்கும்போது கடுகு பாதி வெடித்ததும் கரண்டியைத் தூக்கிவிட வேண்டும், மீதி கரண்டியின் சூட்டிலேயே வெடிக்கும். கருப்பாகிவிட்டது என்று நம்பிக் காயில் மேலேயே விட்டால் கருகும். எந்தப் பொருளும் இருட்டில் கண்ணுக்குத் தெரியும்படி சிவக்க ஆரம்பிப்பதே சுமார் 525 டிகிரி செல்சியஸில். சிவப்பு மறைந்த காயில் 500 டிகிரியில் இருக்கக்கூடும். பிளாஸ்டிக் மூடியையோ துணியையோ அதன்மேல் வைத்து எரிந்த வீடுகள் எல்லாம் இந்தக் கருப்பை நம்பியவைதான்.

தோசைக்கு இந்தத் தணல் நல்லது. கனமான வார்ப்பிரும்புக் கல்லை ஐந்தாம் எண்ணில் பத்து நிமிடம் காயவிட்டால், காயில் போட்டுப் போட்டு அணைவதைக் கல் உணராது. மெல்லிய அலுமினியக் கல்லில்தான் ஒரு தோசை வெள்ளை, அடுத்த தோசை கருப்பு என்று வரும். கல்லின் அடி சமதளமாக இருக்க வேண்டும். குழிந்த கடாய் காயிலை நடுவில் மட்டும் தொடும், மிச்சச் சூடு வீண். எண்ணெய் எப்போதும் கல்லின் ஒரே பக்கம் ஓடி நின்றால் குறை கல்லில் இல்லை, அடுப்பின் கால்களில் ஒன்று தாழ்ந்திருக்கிறது. அடியில் திருகும் கால்கள் இருக்கின்றன. கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றி, அது நடுவில் நிற்கும்வரை திருகினேன். மாவு இப்போது வட்டமாக வருகிறது. ஃபுல்கா காயிலில் நேராகப் போடாதீர்கள், கம்பி வலை வைத்துப் போடுங்கள்.

காயிலுக்கு அடியிலிருக்கும் கிண்ணத்தில் அலுமினியத் தாள் விரிப்பவர்கள் உண்டு. வேண்டாம். தாள் நகர்ந்து காயிலின் முனையைத் தொட்டால் ஷாக் அடிக்கவும் தீப்பொறி பறக்கவும் வாய்ப்பு இருக்கிறது. எங்கள் அடுப்பில் பின்னால் ஒரு கிண்ணத்தின் நடு ஓட்டைதான் ஓவனின் ஆவி வெளியேறும் வழி, தாள் அதையும் அடைத்துவிடும். கிண்ணம் மலிவு, மாற்றிவிடலாம்.

புது அடுப்பு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 ஜூனுக்குப் பிறகு இங்கே தயாராகும் காயில் அடுப்புகளில், எண்ணெய் தீப்பிடிக்கும் அளவுக்குப் பாத்திரம் காய்வதைத் தடுக்க வேண்டும் என்ற விதி உண்டு. காயிலின் நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு பொத்தான் பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும், சூடு மிஞ்சினால் காயிலை அணைத்துவிடும். நண்பர் வீட்டில் தோசைக்கல் காய்ந்து வரும் நேரத்தில் அணைந்துவிடுகிறது, அடுப்பு பழுது என்று அவர் நினைத்தார். பழுதில்லை. வெறும் கல்லை ஒன்பதில் வைத்துக் காய வைத்தார். ஐந்தில் வைத்துப் பொறுமையாகக் காயவிட்டபின் பிரச்சினை வரவில்லை. எங்கள் பழைய அடுப்பில் அந்தப் பொத்தான் கிடையாது. அதனால் எண்ணெய் காயும்போது அடுப்பை விட்டு யாரும் நகர்வதில்லை.

அம்மா ஊருக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. போன வாரம் நான்கு காயிலையும் கழற்றி முனைகளைப் பார்த்தேன். புதிதாகப் போட்டது பளபளப்புக் குறையாமல் இருக்கிறது. பின்வலது காயிலின் ஒரு முனையில் மட்டும் பென்சிலால் தேய்த்ததுபோல் லேசான கருமை. இன்னும் குழி விழவில்லை. பிளாக்கும் பீங்கான் தொப்பியும் வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை அதை மாற்றுகிறேன்.